ஆறு ஸ்பான்சர்களும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

அத்தியாயம் 4

"ஆறு பேர், அக்கா! என் புருஷன் ஆறு பேரை ஸ்பான்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூட்டிட்டு வந்திருக்கான். ஆறும் பொம்பளைங்களாத்தான் இருக்கும்!"

அனாலின் கடிதத்தை மேசைமேல் அறைந்த வேகத்தில் காபி தளும்பி ரெமியின் சட்டைக் கையில் தெறித்தது. மேசையின் மறுமுனையில் பன்னும் கையுமாக உட்கார்ந்திருந்த எர்னிங், பன்னை மட்டும் பத்திரமாக மேலே தூக்கிக்கொண்டார்.

ரெமி மக்பனுவாவுக்கு வயது ஐம்பத்தேழு. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் பொய்யாகக் காலை உடைத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்துவிட்டு, இப்போது வின்னிபெக்கில் ஒரு பிலிப்பினோ பேக்கரியின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். எர்னிங் அவளைவிட நாலு வயது மூத்தவர். ஊரில் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி, இங்கே டவுன் பஸ் என்று ஓட்டி ஓய்ந்தவர். உதவியாளர் வேலைக்கு அவர் சொன்ன தகுதி இரண்டு: கார் ஓட்டத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

ரெமிக்கு ஸ்பான்சர் கேஸ் என்றாலே குமட்டும். திருட்டுக் கேஸ் எடுப்பாள், காணாமல் போன கேஸ் எடுப்பாள். குடும்பத்து ஆளை இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்துவதற்கான காகிதக் கட்டோடு யாராவது மாடி ஏறினால் மட்டும் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தட்டில் சாப்பிட்டதற்குப் போட்டோ, மாமியார் உண்மையாக அழுததற்குப் போட்டோ, காதல் கடிதத்துக்கு மூன்று நகல். அந்தக் கட்டைத் திறந்தால் பாசத்தின் வாசனை வருகிறதோ இல்லையோ, பொய்யின் நாற்றம் கட்டாயம் வரும் என்பது அவள் அனுபவம்.

"யாருக்காகப் போட்ட மனு?" என்றாள், சட்டைக் கையைத் துடைத்தபடி.

"எங்கப்பா கிறிசாந்தோவுக்காக. அறுபத்தொன்பது வயசு. ஊர்ல, இலோய்லோவுல தனியாக் கிடக்கறார். அம்மா போய்ப் பதினோரு வருஷமாச்சு." அனாலினின் கண்களில் நீர் முட்டியது. ஆஸ்பத்திரி நர்ஸ் உடையிலேயே வந்திருந்தாள். "நான்தான் மனு போட்டேன். புருஷன்ங்கற முறையில டோடோங்கும் கூடக் கையெழுத்துப் போடணும். அவனுக்குன்னு தனி ஃபார்ம். நான் டியூட்டியில இருந்தப்ப அவனே உட்கார்ந்து நிரப்பி அனுப்பிட்டான். இப்ப பாருங்க!"

ரெமி குடியேற்ற இலாகாவின் கடிதத்தைப் படித்தாள். 'மனைவியை இழந்தவரான கிறிசாந்தோ அவர்கள் தொடர்பாக' என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்திருந்தது. உங்களோடு கையெழுத்திட்ட உங்கள் கணவர், இதற்கு முன் ஆறு முறை ஸ்பான்சராக இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். எங்கள் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. அவர் தந்த தேதிகள் கீழே. ஒவ்வொன்றுக்கும் சான்று தேவை. தராவிட்டால் மனு தள்ளுபடி. கெடு, நாளை வெள்ளிக்கிழமை.

"டோடோங்கைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஆமா, ஆறு. கேட்டவங்க யாருக்கும் நான் முடியாதுன்னு சொன்னதில்லை'ங்கறான், அக்கா! பெருமையா!"

எர்னிங்கின் தொண்டையில் பன் சிக்கியது. "தாராள மனசு," என்றார் இருமலுக்கு நடுவில்.

"யார் யாருன்னு பேரைச் சொல்லுடான்னா வாயை மூடிக்கிறான். ஃபார்மோட நகலையும் எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான். எங்கப்பா இங்க வந்தாகணும். இவனோட அசிங்கத்துல அவர் வர்றது கெட்டுப்போச்சுன்னா நான் இவனை விடமாட்டேன்."

ரெமி தேதிகளின்மேல் விரலை ஓட்டினாள். "எர்னிங் அண்ணே, போனை எடுங்க. இந்தத் தேதிக்கெல்லாம் என்ன கிழமைன்னு பாருங்க."

எர்னிங் விரலை உடையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். "முதலாவது சனி. ரெண்டாவது... சனி. மூணும் சனி, நாலும் சனி. அஞ்சாவது, அடடே, அதுவும் சனி. மேடம், இந்த மனுஷன் வாரநாள்ல ஒழுக்கமாத்தான் இருந்திருக்கார்."

"ஆறாவது?"

"பிப்ரவரி பதினாலு. செவ்வாய்."

"காதலர் தினம்!" அனாலின் அலறினாள். "அந்த பிப்ரவரியில அவன் இலோய்லோவுலதான் இருந்தான். அவங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு தனியாப் போனான்!"

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள் ரெமி. "புருஷன்கிட்ட எதுவும் பேச வேண்டாம். அஞ்சு மணிக்கு நாங்க வர்றோம்."

*

மார்ச் மாதம் பிறந்தும் பனி போக மனமில்லாமல் சாலையோரத்தில் அழுக்காகக் குவிந்து கிடந்தது. எர்னிங் பழைய வேனை ஜீப்னியைப்போலவே ஓட்டினார். ஹாரன் அடிக்க முடியாத வருத்தத்தை வாயால் தீர்த்துக்கொண்டார்.

"ஆறு பேரை வெச்சுச் சமாளிக்கறானே, நான் ஒருத்திகிட்டயே முப்பத்தஞ்சு வருஷமா மூச்சு வாங்கறேன். அவனைப் பார்த்ததும் கால்ல விழலாம்னு இருக்கேன்."

"சனிக்கிழமை எந்த கவர்மென்ட் ஆபீஸ் திறந்திருக்கு, அண்ணே?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ ஒருத்தன் அஞ்சு சனிக்கிழமையில கவர்மென்ட் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்க முடியுமா?"

எர்னிங் சிக்னலில் நிறுத்தினார். "முடியாது."

"நம்ம ஆளுங்க சனிக்கிழமை சாயங்காலம் எங்க இருப்பாங்க?"

"கரோக்கேயில. தொண்டை கட்டற வரைக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி மாதா கோயில்ல. எவனுக்காவது கல்யாணம்..." எர்னிங்கின் வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். "மேடம்! நினோங்!"

நினோங் என்றால் கல்யாணத்தின் ஞானத்தகப்பன். மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று, கையெழுத்துப் போட்டு, அவர்கள் சண்டை போட்டால் பிறகு சமாதானமும் செய்யக் கடமைப்பட்டவர். வசதியாக இருக்கிறவர்களையும் வெளிநாட்டில் இருக்கிறவர்களையும் கேட்டுப் பிடிப்பார்கள். கேட்டால் மறுப்பது பாவம். பிலிப்பைன்ஸில் எந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் அவர்கள் பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரே தலைப்புத்தான் இருக்கும். ஸ்பான்சர்கள்.

"ஃபார்ம்ல என்ன கேட்டிருப்பான்? 'இதற்கு முன் நீங்கள் ஸ்பான்சராக இருந்ததுண்டா, எத்தனை முறை, எப்போது?'" ரெமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த அப்பாவி மார்பை நிமிர்த்திக்கிட்டு ஆறு கல்யாணத்தையும் தேதியோட எழுதிட்டான்."

எர்னிங் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நல்லவேளை, ஞானஸ்நானத்தைக் கேட்கலை. நம்ம ஆளுங்களுக்குத் தனி ஏடு வேணும். கேஸ் முடிஞ்சுது, திரும்பிடலாமா? கீழ பேக்கரியில சூடா..."

"முடியலை. அப்பாவிக்கு நகலை ஒளிக்க என்ன அவசியம்? செவ்வாய்க்கிழமை யாருண்ணே கல்யாணம் வெப்பாங்க?"

"பிப்ரவரி பதினாலுன்னா வெப்பாங்க. ஊர் மேயர் வெப்பார். கல்யாணச் செலவுக்கு வழியில்லாதவங்க, வயசானவங்க, ரொம்ப நாளாச் சும்மா சேர்ந்து வாழறவங்க, நூறு ஜோடியை விளையாட்டரங்குல நிறுத்தி ஒரே மூச்சுல முடிச்சு வெப்பார். நானே அப்படித்தான் கட்டிக்கிட்டேன். எங்க நம்பர் நாப்பத்திரண்டு. மேயர் அவசரத்துல நாப்பத்தொண்ணைத் தாண்டிட்டார், அந்த ஜோடி இன்னிக்கும் சந்தோஷமா இருக்குது."

ரெமி சிரிக்கவில்லை. வயதானவர்கள் என்ற வார்த்தையிலேயே அவள் மனம் நின்றுவிட்டிருந்தது.

*

டோடோங் சமையலறையில் லொங்கனிசா என்கிற பன்றிக்கறிச் சாசேஜை வறுத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கைகளில் கண்ணாடி கீறிய தழும்புகள், முகத்தில் எல்லாரையும் நம்புகிற ஒரு வட்டச் சிரிப்பு. அனாலின் உடை மாற்றாமல் சாப்பாட்டு மேசையருகே கைகட்டி நின்றாள்.

"தம்பி, நீங்க எத்தனை கல்யாணத்துக்கு நினோங்?" ரெமி நேராகவே கேட்டாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அதைத்தான் ஃபார்ம்லயே எழுதினேனே, அக்கா!"

உள்ளே ஓடி ஒரு கவரை எடுத்து வந்தான். ஐந்து போட்டோக்கள். ஐந்து ஜோடிகள். ஐந்திலும் அதே வெள்ளைச் சட்டையில் டோடோங், பின்வரிசையில், கண்ணை அகல விரித்துக்கொண்டு. நாலாவது போட்டோவிலிருந்து சட்டையின் இடது மார்பில் ஒரு சோயா சாஸ் கறை.

அனாலின் போட்டோக்களைப் புரட்டினாள். அவள் தோள்கள் தளர்ந்தன. பிறகு அவனை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "லூசு! லூசு! நான் ஆறு பொம்பளைங்கன்னு நினைச்சுத் துடிச்சிட்டிருந்தேன்!"

"ஆறா? எனக்கா?" டோடோங் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

"அதைத்தான் நானும் வண்டியில சொன்னேன், தம்பி," என்றார் எர்னிங், வாணலியிலிருந்து ஒரு லொங்கனிசாவை எடுத்தபடி.

"அக்கா, நாளைக்கே விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க." அனாலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த பனிக்குள்ள அப்பா இங்க இருப்பார்."

"எழுதிடலாம். ஆனா ஆறு கல்யாணத்துக்கும் சான்று கேட்கறாங்க. இங்க அஞ்சுதான் இருக்கு."

டோடோங் அடுப்பை அணைத்தான். சட்டென்று அந்த வட்டச் சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"தம்பி," ரெமி குரலைத் தாழ்த்தினாள். "பிப்ரவரி பதினாலு."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய், தன் வேலைப் பூட்ஸுக்குள் கைவிட்டு, சுருட்டி வைத்த காகிதத்தையும் ஒரு போட்டோவையும் எடுத்து வந்து மேசையில் வைத்தான். விளையாட்டரங்கம். வரிசை வரிசையாக ஜோடிகள். முன்னால் ஒரு கிழவர், மார்பில் எண்பத்து மூன்று என்ற அட்டை, இடது கை கொஞ்சம் மடங்கினாற்போல. அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தபடி ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருத்தி. பின்னால், கறைச் சட்டையில், டோடோங். காகிதத்தில் மணமகன் பெயர் கிறிசாந்தோ. மணமகள் பெயர் ஒஃபேலியா.

எர்னிங் மெல்வதை நிறுத்தினார்.

"நீ எதுக்குடா கையெழுத்துப் போட்டே?" அனாலின் புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "உன்னை யார் அங்க போய் நிக்கச் சொன்னது?"

ரெமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கல்யாணம் செய்துகொண்டது புதிய செய்தியாக இருந்தால், எந்த மகளும் முதலில் 'இவ யாரு?' என்றுதான் கேட்பாள். அனாலின் அதைக் கேட்கவில்லை. ரெமி காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்கப்பா கல்யாணம் ஆனவர்னு. தெரிஞ்சேதான் 'மனைவியை இழந்தவர்'னு எழுதியிருக்கீங்க."

அனாலின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சித்தி பொண்ணு அப்புறம் போன்ல சொல்லிட்டா. அதெல்லாம் ஒரு கல்யாணமா, அக்கா? மேயர் ஓட்டுக்காக நடத்தற கூத்து. அவ யாருன்னு தெரியுமா? எங்க வீட்டுல துணி துவைச்சவ. இன்னிக்கு எங்கம்மா கட்டில்ல படுக்கறா. எங்கம்மா தட்டுல சாப்பிடறா."

"மாமாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப நாலு மாசம் தூக்கிக் குளிப்பாட்டினவ," என்றான் டோடோங். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி அனாலின் கேட்டிருக்கமாட்டாள். "நீயும் போகலை. நானும் போகலை. மாமா என்னைக் கேட்டார். அவர் வயசுக்காரங்க பாதிப் பேர் கல்லறையில இருக்காங்க, நீ நில்லுடான்னார். நான் எப்படி முடியாதுன்னு சொல்வேன்?"

"அவர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காரே. 'மனைவியை இழந்தவர்'ங்கறதைப் பார்த்துட்டா போட்டார்?" ரெமி கேட்டாள்.

பதில் சொன்னவன் டோடோங். "வெறும் தாள்லதான் இவ கையெழுத்து வாங்கினா. அந்தப் பொம்பளைக்கும் சேர்த்துத்தான் மனு போகுதுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கா. எனக்கே இந்தக் கடிதம் வந்தப்பறம்தான் தெரியும். அதனாலதான் நகலை ஒளிச்சேன். அதுல ஆறாவதா மாமா பேரைப் பார்த்து, நானும் அங்க நின்னேன்னு தெரிஞ்சா இவ மாமாகிட்ட போன்ல கத்துவா, அவருக்கு ரத்த அழுத்தம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். அதை இந்த அப்பாவி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, நீதான் எடுத்துப் பார் என்று அரசாங்கத்தின் தட்டிலேயே வைத்துவிட்டான். இன்னொரு நாளாக இருந்தால் ரெமி இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"அனாலின், நான் ஒண்ணு சொல்றேன். ஒருவேளை இது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்." அப்படி இருக்கட்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டபடியே ரெமி சொன்னாள். "உங்கப்பாவோட சேர்ந்து அந்தம்மாவும் இதே மனுவுலயே வரலாம். கூட ஒரு பேர் எழுதணும், அவ்வளவுதான். ஆனா அவங்க இருக்கறதையே சொல்லாம உங்கப்பா மட்டும் வந்து இறங்கிட்டார்னா, சட்டப்படி அவர் பின்னால அவங்களை ஸ்பான்சர் பண்ணவே முடியாது. அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. கதவை அடைச்சிடுவாங்க."

அனாலின் தட்டிலிருந்த ஒரு துண்டு லொங்கனிசாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும், அக்கா," என்றாள். "அதுக்குத்தானே."

இருபது வருஷம் பொய்யர்களோடு குப்பை கொட்டியவள் ரெமி. இன்சூரன்ஸுக்காகச் சொந்தக் கடையைக் கொளுத்தியவனோடு ஒரே மேசையில் டீ குடித்திருக்கிறாள். அவர்கள் யாரிடமும் இப்படி ஒரு அருவருப்பு அவளுக்கு வந்ததில்லை. அந்த மேசையில் வைத்திருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

"இப்ப என்ன பெரிசா?" அனாலின் தொடர்ந்தாள். "அஞ்சு போட்டோவோட விளக்கம் எழுதுங்க. ஆறுன்னு போட்டது எழுத்துப்பிழைன்னு ஒரு வரி. உங்களுக்கு இது பழக்கம்தானே."

"ஏம்மா, தேதியோட ஒரு எழுத்துப்பிழையா?" என்றார் எர்னிங். "அதுக்கு மார்பில நம்பர் வேற குத்தியிருக்கு."

"நீங்க சும்மா இருங்க!"

"எழுதமாட்டேன்," என்றாள் ரெமி.

அப்போது டோடோங்கின் போன் அடித்தது. இலோய்லோவில் விடிந்து மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம். தினமும் கிழவர் கூப்பிடுகிற நேரம். அவன் யோசிக்காமல் எடுத்துவிட்டான். திரை முழுக்க ஒரு முகம், கொஞ்சம் ஒருபக்கமாக இழுத்த வாய், நரைத்த புருவம்.

"டோடோங்! போட்டோ எடுத்தாச்சுடா. காது தெரியணும், பல்லு தெரியக் கூடாதுன்னு போட்டிருக்காமே, கடைக்காரன் சொன்னான்." கிழவர் இரண்டு சின்னப் படங்களைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார். ஒன்று அவர். மற்றது ஒஃபேலியா, முடியை இழுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்தாற்போல. "இவ ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கறா. நாலு தடவை எடுத்தோம். இது செல்லுமான்னு அனாலின்கிட்ட கேட்டுச் சொல்லு. செல்லாதுன்னா மறுபடியும் எடுக்கறோம், இவ அழுதாலும் சரி."

டோடோங் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அனாலின் எழுந்து வருவதற்குள் ரெமி போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பெரியவரே, என் பேர் ரெமி. உங்க மனுவை நான் பார்த்தேன்."

"அப்படியா! போட்டோ செல்லுமாம்மா?"

"அக்கா, குடுங்க அதை!" அனாலின் பாய்ந்தாள். எர்னிங் தன் தொந்தியோடு குறுக்கே வந்து நின்றார். டவுன் பஸ்ஸின் வாசலில் முப்பது பேரை நிறுத்தி வைத்த உடம்பு அது.

"பெரியவரே, மனுவுல நீங்க மனைவியை இழந்தவர்னு இருக்கு," என்றாள் ரெமி. "ஒஃபேலியா பேர் அதுல எங்கேயும் இல்லை. இப்படியே நீங்க வந்தா அவங்களை அப்புறம் எப்பவுமே கூப்பிட முடியாது. உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

கிழவரின் கை படங்களோடு கீழே இறங்கியது. எங்கோ ஒரு சேவல் கூவியது. திரைக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"என்னவாம்? போட்டோ செல்லாதாமா?"

கிழவர் அந்தப் பக்கம் திரும்பினார். "செல்லுமாம். ரொம்ப நல்லா வந்திருக்காம். நீ போய்க் காபியைப் பாரு."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு படங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார். குரலில் கோபம் இல்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

"உன் கையில பேனா இருக்காம்மா?"

"இருக்கு, பெரியவரே."

"அப்போ அந்த மனுவுல இருந்து என் பேரையும் அடிச்சிடு."

"அப்பா!" எர்னிங்கைத் தள்ளிக்கொண்டு வந்து அனாலின் போனைப் பிடுங்கினாள். "அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. இவங்க யாரோ. நான் சொல்றேன், அப்பா..."

திரை இருண்டிருந்தது. அவள் மறுபடியும் அழைத்தாள். இலோய்லோவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.